சூப்பர்ஸ்டிஷன் மலை எரிமலைதானா? கூம்பும் வாயும் இல்லாத மலையின் அடுக்குகள்

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், ஃபீனிக்ஸ் நகரத்திலிருந்து கிழக்கே காரில் ஒரு மணி நேரம் போனால் சூப்பர்ஸ்டிஷன் மலைத்தொடர் வரும். பாலைநிலச் சமவெளியில் திடீரென்று எழும் பாறைச் சுவர், அடிவாரம் முழுக்க சகுவாரோ கள்ளி. ஃபீனிக்ஸ், சாண்ட்லர் பக்கம் வேலை பார்க்கும் தமிழர்களும் குளிர்கால வார இறுதிகளில் ஏறிப் பார்க்கும் மலை இது. ஏறி இறங்கியவர்களுக்குச் சில சந்தேகங்கள் தவறாமல் வருகின்றன. எரிமலைப் பாறை என்கிறார்கள், கூம்பு எங்கே? வாய் எங்கே? லாவா என்றால் கறுப்பாக அல்லவா இருக்க வேண்டும், இது ஏன் வெளிர் பழுப்பும் இளஞ்சிவப்பும் மஞ்சளுமாக இருக்கிறது? நடுவே தனித்து நிற்கும் வீவர்ஸ் நீடில் என்ற கூரான பாறைதான் அணைந்துபோன எரிமலையின் தொண்டையா?

கடைசிக் கேள்விக்குப் பதில் 'இல்லை'. பல பயணக் குறிப்புகள் ஆமாம் என்று எழுதியிருந்தாலும் இல்லைதான். மற்ற கேள்விகளுக்கெல்லாம் பதில் ஒரே இடத்தில் இருக்கிறது: எரிமலை வெடித்தபோது நிலம் உள்வாங்கிப் பெரிய பள்ளம் உண்டானது, அந்தப் பள்ளத்தை நிரப்பிய சாம்பல் கல்லாக இறுகியது, அந்தக் கல்தான் இன்று மலையாக நிற்கிறது. பள்ளத்தில் கிடந்தது எப்படி உச்சிக்கு வந்தது என்பதுதான் விளக்க வேண்டிய விஷயம்.

எரிமலைகள் எல்லாம் ஒன்றுபோல் வெடிப்பதில்லை

பூமிக்குள் உருகிக் கிடக்கும் பாறைக்குழம்பில், அதாவது மாக்மாவில், சிலிக்கா எவ்வளவு இருக்கிறது என்பதை வைத்தே முக்கால்வாசி விஷயம் முடிவாகிவிடும்.

சிலிக்கா குறைவாக, பாதி அளவில் இருந்தால் குழம்பு நீர்த்து ஓடும். உள்ளிருக்கும் வாயு எளிதாக வெளியேறிவிடும். ஹவாய்த் தீவில் தெருவோரமாக ஊர்ந்து வரும் லாவாவை வீடியோவில் பார்த்திருப்போம், அந்த வகை. ஆறினால் கறுப்புப் பசால்ட் பாறை. மகாராஷ்டிரத்தில் மேற்குத் தொடர்ச்சி மலை படிப்படியாகத் தெரிவதற்குக் காரணமான தக்காணப் பாறைகளும் இதே குடும்பம்.

சிலிக்கா அறுபத்தைந்து, எழுபது சதவீதத்தை எட்டினால் குழம்பு மிகவும் கெட்டியாகிவிடுகிறது. அதில் கரைந்திருக்கும் நீராவியும் பிற வாயுக்களும் வெளியேற வழியில்லாமல் அழுத்தம் ஏறிக்கொண்டே போகும். குழம்பு மேலே வரவர அழுத்தம் குறைந்து வாயு ஒரே நேரத்தில் கோடிக்கணக்கான குமிழ்களாக விரியும். அப்போது குழம்பு ஓடுவதில்லை, தூள்தூளாகச் சிதறுகிறது. நுண்ணிய கண்ணாடித் துகள்கள், நுரைக்கற்கள், படிகத் துண்டுகள் எல்லாம் சேர்ந்த அந்தத் தூளைத்தான் எரிமலைச் சாம்பல் என்கிறோம். விறகுச் சாம்பலுக்கும் இதற்கும் நிறம் தவிர வேறு ஒற்றுமை கிடையாது. எதுவும் எரிந்து வந்ததல்ல இது, அரைபட்ட கல்.

சூப்பர்ஸ்டிஷன் பகுதியில் வெடித்ததில் பெரும்பங்கு இந்த இரண்டாம் வகை. டாசைட், ரயோலைட் என்று பெயர் பெற்ற பாறைகள் இதிலிருந்து உருவாகின்றன. இரும்பும் மக்னீசியமும் இவற்றில் குறைவு என்பதால் நிறம் வெளிறியிருக்கும். மலை கறுப்பாக இல்லாததற்கு இதுதான் காரணம். பசால்ட் இங்கே அறவே இல்லை என்று சொல்ல முடியாது, ஆங்காங்கே உண்டு. கண்ணை நிறைப்பது வெளிறியதுதான்.

சாம்பல் கல்லாவது எப்படி

வெடிப்பில் எழும் சாம்பல் தூண் பல கிலோமீட்டர் உயரம் போகும். அதன் எடையைக் காற்று தாங்காத கட்டத்தில் தூண் சரிந்து விழுகிறது. விழுந்த சாம்பலும் நுரைக்கல்லும் வாயுவும் கலந்து, தரையை ஒட்டி மணிக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல் பாய்கின்றன. பள்ளத்தாக்குகளை நிரப்பி, சிறு குன்றுகளை ஏறிக் கடந்து, வேகம் அடங்கும் இடத்தில் படிகின்றன. இப்படிப் படிந்து இறுகிய பாறையை டஃப் என்பார்கள். இங்கே சாம்பல்பாறை என்றே சொல்லிக்கொள்வோம்.

படியும்போது சூடு எவ்வளவு என்பதைப் பொறுத்துப் பாறையின் தன்மை மாறும். சூடு ஓரளவு தணிந்துவிட்டிருந்தால் சாம்பல் மென்மையான, நகத்தால் கீறக்கூடிய கல்லாக மட்டுமே இறுகும். ஐந்நூறு, அறுநூறு டிகிரி செல்சியசுக்கு மேல் சூடு இருந்து, மேலே மேலே அடுக்கு ஏறி அழுத்தினால், கண்ணாடித் துகள்கள் இளகி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். பொரியைச் சுடச்சுட வெல்லப்பாகில் போட்டு இறுக்கிப் பிடித்தால் உதிரியாய்க் கிடந்தது உருண்டையாவதும், உள்ளே சில பொரிகள் நசுங்கிப் போவதும் போலத்தான். இதை ஒட்டிய சாம்பல்பாறை என்று அழைப்போம். சுத்தியலால் தட்டினால் கணீரென்று சத்தம் வரும் அளவுக்குக் கடினமானது.

மலையில் கிடக்கும் கல் ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தால் இத்தனையும் கண்ணுக்கே தெரியும். இளஞ்சிவப்பான சாம்பல் பரப்பில் வெள்ளைப் புள்ளிகளாக ஃபெல்ட்ஸ்பார் படிகங்கள். பளபளக்கும் சின்னக் கறுப்புத் தகடுகள் மைக்கா. கண்ணாடி போன்ற பொட்டுகள் குவார்ட்ஸ். இவற்றுக்கு நடுவே, ஒரு திசையில் நீண்டு, ஓரம் கூர்ந்து, நசுங்கிய சிறு சிறு பட்டைகள் தெரியும். அவை ஒரு காலத்தில் உருண்டையாக, காற்றுக் குமிழ் நிறைந்து இருந்த நுரைக்கற்கள். மேல் அடுக்கின் எடையில் அப்பளமாகிவிட்டன. அந்தப் பட்டைகள் எந்தத் திசையில் படுத்திருக்கின்றனவோ, அதுதான் சாம்பல் படிந்தபோது இருந்த கிடைமட்டம். பாறை இப்போது சாய்ந்திருந்தால் பட்டைகளும் சாய்ந்திருக்கும். மலை பிற்காலத்தில் எவ்வளவு திரும்பியது என்று அளக்க ஆய்வாளர்கள் இதைத்தான் பார்க்கிறார்கள். கையில் எடுத்ததைப் பார்த்துவிட்டு அங்கேயே வைத்துவிட வேண்டும், இது சட்டப்படி பாதுகாக்கப்பட்ட காட்டுநிலம்.

கால்டெரா: நிலம் உள்வாங்குவது

இப்போது பள்ளத்துக்கு வருவோம். எரிமலையின் உச்சியில் இருக்கும் வாயும் கால்டெராவும் ஒன்றல்ல. வாய் என்பது பொருள் வெளியே பீய்ச்சப்படும் துளை. கால்டெரா, கீழே இருந்த குழம்புத் தேக்கம் காலியானதால் மேலே இருந்த நிலமே இறங்கி உண்டாகும் பெரும்பள்ளம். 1991இல் பிலிப்பைன்ஸின் பினடுபோ வெடித்தபோது இது நம் காலத்திலேயே நடந்தது: மலை உச்சி ஏறத்தாழ 260 மீட்டர் குறைந்து, இரண்டரை கிலோமீட்டர் அகலத்தில் ஒரு பள்ளம் மிஞ்சியது. சூப்பர்ஸ்டிஷன் கால்டெரா அதைவிடப் பல மடங்கு பெரியது.

நடந்ததை வரிசைப்படுத்தினால்:

1. ஏறத்தாழ இரண்டு கோடி ஆண்டுகளுக்கு முன் இந்த வட்டாரத்தில் எரிமலைகள் வெடிக்கத் தொடங்கின. அரிசோனா மட்டுமல்ல, மேற்கு அமெரிக்காவின் பெரும்பகுதியே பல கோடி ஆண்டுகள் இப்படிச் சாம்பலைக் கக்கிக்கொண்டிருந்த காலத்தின் பிற்பகுதி அது. பசிபிக் பக்கமிருந்து கண்டத்தின் அடியில் செருகிச் சென்ற நிலத்தட்டு விலகியதும், கண்ட ஓடு இழுபட்டு மெலியத் தொடங்கியதும் இதற்குப் பின்னணி.

2. முதலில் வந்தவை லாவாக்கள். கெட்டியான டாசைட் குழம்பு தூரம் ஓட முடியாமல் துவாரத்தைச் சுற்றியே குவிந்து மேடுகளானது.

3. ஏறத்தாழ 1 கோடியே 86 லட்சம் ஆண்டுகளுக்கு முன் பெருவெடிப்பு நடந்தது. அதில் வந்த சாம்பல்பாறைக்கு அப்பாச்சி லீப் டஃப் என்று பெயர். குழம்புத் தேக்கம் வேகமாகக் காலியாக, அதன் கூரை வளைய வடிவப் பிளவுகளின் வழியே கீழே இறங்கியது.

4. கூரை இறங்கிக்கொண்டிருக்கும்போதே வெடிப்பும் தொடர்ந்ததால், சாம்பலில் பெரும்பங்கு அந்தப் பள்ளத்துக்குள்ளேயே கொட்டியது. வெளியே பரவிய சாம்பல் ஓரளவு கனமான போர்வையாகப் படிந்தது. உள்ளே நிறைந்தது அதைவிட மிகவும் தடிமனாக, அதிகச் சூட்டோடு, அதிக அழுத்தத்தில் இறுகியது. இந்த வேறுபாட்டை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் எல்லாம் இதை ஒட்டித்தான் வரப்போகிறது.

5. பள்ளத்தின் சுவர்கள் நிலையாக நிற்கவில்லை. பெரிய பெரிய பாறைகள் சரிந்து சாம்பலுக்குள் புதைந்தன. சாம்பல்பாறைக்கு நடுவே சம்பந்தமில்லாத பழைய பாறைத் துண்டுகள் அகப்படுவது கால்டெராவின் உட்புறத்துக்கு நல்ல அடையாளம்.

6. வெடிப்பு ஓய்ந்தபின் கீழே மீண்டும் சேர்ந்த குழம்பு, நிரம்பிய பள்ளத்தின் தளத்தை மேலே தள்ளி உப்பச் செய்தது.

இந்த வட்டாரத்தில் எத்தனை கால்டெராக்கள் இருந்தன, ஒவ்வொன்றின் விளிம்பும் எங்கே ஓடுகிறது என்பதில் ஆய்வாளர்களுக்குள் கருத்து வேறுபாடு உண்டு. 1970களில் வரைந்த எல்லைகளைப் பிற்கால நில ஆய்வுகள் திருத்தியிருக்கின்றன. விளிம்பு தெளிவில்லாமல் போனதில் வியப்பில்லை. அதன்பின் அரிப்பும் நிலப்பிளவும் அவ்வளவு வேலை செய்திருக்கின்றன.

இவ்வளவு பெரிய வெடிப்பின் சாம்பல் எவ்வளவு தூரம் போகும்? இந்தோனேசியாவின் தோபா 74,000 ஆண்டுகளுக்கு முன் கக்கிய சாம்பல், ஆந்திராவின் நந்தியால் மாவட்டத்தில் (முன்பு கர்நூல் மாவட்டம்) ஜ்வாலாபுரம் என்ற ஊரில் இன்றும் வெள்ளை அடுக்காக இருக்கிறது. நம் பக்கத்திலேயே பார்க்க ஆசைப்படுபவர்களுக்காக இந்தத் தகவல்.

பள்ளம் மலையானது

சரி, பள்ளத்தை நிரப்பியது எப்படி மலையானது? இரண்டு காரணங்கள்.

முதலாவது நிலப்பிளவு. எரிமலைகள் ஓய்ந்த பிறகு, ஏறத்தாழ ஒன்றரைக் கோடி ஆண்டுகளுக்கு முன்பிருந்து, இந்தப் பகுதியின் நில ஓடு கிழக்கு மேற்காக இழுபட்டது. இழுபட்ட ஓடு பாளம் பாளமாக உடைந்தது. சில பாளங்கள் இறங்கின, சில உயரத்திலேயே நின்றன. இன்று ஃபீனிக்ஸ் நகரம் பரந்திருக்கும் சமவெளி, இறங்கிய பாளங்களின் மேல் ஆயிரக்கணக்கான அடிக்கு மணலும் சரளையும் நிரம்பி உண்டானது. சூப்பர்ஸ்டிஷன் நின்ற பாளம். நெவாடா வரைக்கும் இதே பாணிதான், மலை, சமவெளி, மலை, சமவெளி என்று மாறி மாறி வரும்.

இரண்டாவது அரிப்பு. மழையும் ஓடையும் மென்மையானதை முதலில் எடுத்துச் செல்லும். கால்டெராவுக்கு வெளியே கிடந்த தளர்வான சாம்பல், பழைய சரளை, சிதைந்த கிரானைட் எல்லாம் வேகமாகக் கரைந்தன. உள்ளே தடிமனாக ஒட்டி இறுகியது எளிதில் அசையவில்லை. இப்படிச் சுற்றுப்புறம் தாழத் தாழ, பள்ளத்தில் இருந்தது மேடாகிவிட்டது. புவியியலில் இதற்குத் தலைகீழ் நிலத்தோற்றம் என்று பெயர். எரிமலை நிலங்களில் இது அபூர்வமே அல்ல. பள்ளத்தாக்கில் ஓடி உறைந்த லாவா, பக்கத்து மண் அரிந்துபோன பிறகு மேட்டுவரப்பாக நிற்கும் இடங்கள் உலகில் நிறைய உண்டு.

கூம்பைத் தேடுபவர்களுக்கு அது கிடைக்காமல் போவது இதனால்தான். சிறுசிறு லாவா மேடுகளைத் தவிர இங்கே ஒரு பெரிய கூம்பு என்றைக்காவது இருந்திருக்க வேண்டும் என்ற கட்டாயம்கூடக் கிடையாது.

ஏறும் வழியில் என்ன தெரியும்

அடுக்குகளைக் கீழிருந்து மேலாகப் பார்க்க வசதியானது, லாஸ்ட் டச்மேன் மாநிலப் பூங்காவிலிருந்து சைஃபன் டிரா வழியாக ஃபிளாட்அயர்ன் பாறைக்கு ஏறும் பாதை. எண்ணூறு மீட்டருக்கு மேல் ஏற்றம், கடைசிப் பகுதியில் கையையும் ஊன்றித்தான் ஏற வேண்டும்.

அடிவாரத்தில் மெதுவாகச் சாயும் சரிவு முழுவதும் மலையிலிருந்து வெள்ளம் அடித்து வந்த கல்லும் மணலும். அதைத் தாண்டினால் கிரானைட். வயது ஏறத்தாழ 140 கோடி ஆண்டுகள். அதன் மேல் மெல்லிய கூழாங்கல் படிவு, அப்புறம் எரிமலைப் பாறைகள் தொடங்குகின்றன. இந்த இடத்தில் நின்று யோசிக்க வேண்டும். கீழே இருப்பது 140 கோடி ஆண்டுப் பாறை, மேலே இருப்பது இரண்டு கோடி. நடுவில் 138 கோடி ஆண்டுகளுக்கு இந்தச் சரிவில் சாட்சி எதுவும் இல்லை. அந்தக் காலத்தில் இங்கே கடல்கூட வந்துபோயிருக்கிறது. தென்கிழக்கே முப்பது, நாற்பது கிலோமீட்டரில் உள்ள சுப்பீரியர் ஊர்ப் பக்கம் அந்தக் கடலில் படிந்த சுண்ணாம்புப் பாறைகள் சாம்பல்பாறைக்கு அடியில் இன்றும் இருக்கின்றன. இந்தச் சரிவில் அவை வெடிப்புக்கு முன்பே அரிந்துவிட்டன. உச்சியின் காட்சியைவிட எனக்கு இந்த எல்லைதான் பெரிதாகப் படுகிறது. ஆனால் பாதையில் போகிறவர்களில் பெரும்பாலோர் ஒரு நிமிடம்கூட நிற்பதில்லை.

மேலே போகப் போகப் பள்ளத்தாக்கு குறுகி, செடிகொடி இல்லாத வழுவழுப்பான பாறைத் தொட்டியாகிவிடும். பாறையைத் தேய்த்தது மழை வெள்ளமும் அது உருட்டி வந்த கற்களும். அதற்கு மேலே உச்சிவரை சாம்பல்பாறைத் தூண்களும் செங்குத்துகளும். பழைய இஸ்திரிப் பெட்டியின் முனையைப் போல் நீட்டிக்கொண்டிருப்பதால் ஃபிளாட்அயர்ன் என்ற பெயர்.

தூரத்திலிருந்து பார்க்கும்போது மலைமுகத்தில் குறுக்கே ஒரு வெளிறிய பட்டை தெரியும். இப்பகுதியின் பிமா மக்களின் பிரளயக் கதையில், வெள்ளம் வடிந்தபோது விட்டுப்போன நுரைக்கோடு அது என்று சொல்வதுண்டு. அடுக்கு ஒன்று முடிந்து இன்னொன்று தொடங்குவதைக் கவனித்துத்தான் அந்தக் கதை பிறந்திருக்கிறது. கவனிப்பில் குறை சொல்ல முடியாது.

வீவர்ஸ் நீடில்: தொண்டையா, மிச்சமா?

தெற்குப் பக்கமிருந்து பெரால்டா பள்ளத்தாக்கு வழியாக ஃப்ரெமான்ட் கணவாய்க்கு ஏறினால், கணவாயை எட்டும்வரை மறைந்திருந்த வீவர்ஸ் நீடில் எதிரே முழுசாக நிற்கும். உச்சி கடல்மட்டத்திலிருந்து 1,388 மீட்டர், சுற்றியுள்ள நிலத்துக்கு மேல் ஏறத்தாழ 300 மீட்டர். எரிமலையின் தொண்டை என்று யாரும் நம்பிவிடக்கூடிய தோற்றம்தான்.

தொண்டை என்றால் என்ன? எரிமலைக் குழாய்க்குள்ளேயே குழம்பு உறைந்து கடினமாகி, வெளிக் கூம்பு அரிந்தபின் அந்த உறைந்த தண்டு மட்டும் நிற்பது. நியூ மெக்சிகோவின் ஷிப்ராக் இதற்குச் சரியான உதாரணம். அப்படிப்பட்ட ஒன்றில் எதிர்பார்க்க வேண்டியவை:

1. பாறை சுற்றுப்புறப் பாறையிலிருந்து வேறுபட்டிருக்கும். துவாரத்தில் உறைந்ததும் வெளியே படிந்ததும் ஒன்றாக இருக்காது.

2. சுற்றுப் பாறையை அது வெட்டிக்கொண்டு நிற்கும், எல்லை செங்குத்தாக இருக்கும். ஷிப்ராக்கில் தண்டிலிருந்து சுவர் சுவராகப் பாறைகள் சமவெளியில் ஓடுகின்றன. பக்கவாட்டு விரிசல்களில் புகுந்து உறைந்த குழம்பு அவை.

3. சாம்பல் அடுக்குகள் அதற்குள் கிடைமட்டமாகத் தொடராது.

வீவர்ஸ் நீடிலில் இவை எதுவும் பொருந்தவில்லை. பக்கத்துப் பாறைகளில் இருக்கும் அதே ஒட்டிய சாம்பல்பாறைதான் அதிலும் இருக்கிறது. ஒரு காலத்தில் இந்த இடம் முழுவதையும் மூடியிருந்த தடிமனான பாறைத் தளத்தை ஓடைகள் விரிசல் விரிசலாக அறுத்தன. அறுபடாமல் தப்பிய ஒரு துண்டு இந்த ஊசி. பக்கத்துக் குன்றுகள் எப்படி உண்டாயினவோ, இதுவும் அப்படியே. கூர்மை மட்டும் அதிகம்.

தவறான விளக்கம் ஏன் இவ்வளவு பரவியது? வடிவத்தைப் பார்த்து முடிவு கட்டுவது எளிது. பாறையைப் பார்க்கக் கிட்டே போக வேண்டும், கிட்டே போவது கடினமான நடை.

தூண்கள், பொந்துகள், கறுப்புப் பூச்சு

பெரால்டா பள்ளத்தாக்கின் இருபுறமும் ஆளுயரத்திலிருந்து பல மாடி உயரம்வரை பாறைத் தூண்கள் கூட்டமாக நிற்கின்றன. காரணம் பாறை குளிர்ந்த விதம். சூடான சாம்பல்பாறை ஆறும்போது சுருங்கும், சுருங்கினால் செங்குத்தாக விரிசல் விடும். லாவாவிலும் இது நடக்கும். கர்நாடகாவில் மால்பே கடற்கரைக்கு எதிரே உள்ள செயின்ட் மேரீஸ் தீவின் பட்டைத் தூண்கள் அப்படி உண்டானவை. பெரால்டாவில் விரிசல்கள் அந்த அளவுக்கு ஒழுங்கில்லை. ஆறும்போது விழுந்தவற்றோடு, நிலம் இழுபட்டபோது விழுந்தவையும் கலந்திருக்கின்றன. தண்ணீர் விரிசல் வழியே இறங்கி இறங்கி இடைவெளியை அகலமாக்க, நடுவில் இருப்பது தூணாக மிஞ்சுகிறது.

பாறைச் சுவர்களில் கைப்பிடி அளவிலிருந்து ஆள் உட்காரும் அளவுவரை பொந்துகள் இருக்கும். பாறைக்குள் ஊறிய நீர் வெளிப்பரப்பில் காயும்போது உப்பு படிகமாகி, துகள்களை ஒவ்வொன்றாகப் பெயர்க்கிறது. ஒருமுறை குழி விழுந்துவிட்டால் அங்கே நிழலும் ஈரமும் தங்கி, குழி இன்னும் ஆழமாகும். நுரைக்கல் உதிர்ந்த துளைகள் இதற்குத் தொடக்கம் கொடுக்கின்றன.

சுவர்களில் மேலிருந்து வழிந்ததுபோலத் தெரியும் கறுப்பு, செம்பழுப்புக் கறைகள் பாலைநிலப் பூச்சு. காற்றுத் தூசியில் வரும் களிமண்ணோடு மாங்கனீசும் இரும்பும் சேர்ந்து, தாளைவிட மெல்லிய படலமாக, பல ஆயிரம் ஆண்டுகளில் படிவது. உடைந்து புதிதாகத் தெரியும் பாறையில் இது இருக்காது. ஆகவே கறை இல்லாத வெளிறிய இடத்தைப் பார்த்தால் அண்மையில் அங்கே பாறை சரிந்திருக்கிறது என்று தெரிந்துகொள்ளலாம். 'அண்மை' என்பது இங்கே சில நூற்றாண்டுகளாகவும் இருக்கலாம். பள்ளத்தாக்கில் பல பாறைகளில் படர்ந்திருக்கும் எலுமிச்சைப் பச்சை நிறம் மட்டும் தாது அல்ல, பாறைப்பாசி.

தங்கம் இருக்கிறதா?

இந்த மலையின் புகழுக்குப் புவியியலைவிடப் பெரிய காரணம் தொலைந்துபோன தங்கச் சுரங்கக் கதை. ஜேக்கப் வால்ட்ஸ் என்ற ஜெர்மானியர் 1891இல் ஃபீனிக்ஸில் இறந்தார். அவருக்கு மட்டும் தெரிந்த சுரங்கம் வீவர்ஸ் நீடிலின் நிழல் விழும் இடத்தில் இருக்கிறது என்று தேடிப்போய் உயிரை விட்டவர்களும் உண்டு.

பாறையைக் கேட்டால் பதில் சோர்வு தருவது. தங்கம் பொதுவாக, சூடான நீர் பாறை விரிசல்களில் நெடுங்காலம் ஓடி, குவார்ட்ஸ் நரம்புகளாகப் படியும் இடங்களில் சேரும். நீடிலைச் சுற்றிக் கிடப்பதோ ஒரே வீச்சில் கொட்டி ஆறிய சாம்பல். அதில் தங்கம் செறிவாகச் சேர வாய்ப்பு மிகக் குறைவு. மலைக்கு மேற்கே கோல்ட்ஃபீல்டில் 1890களில் உண்மையாகவே தங்கம் தோண்டியெடுத்தார்கள், ஆனால் அது கால்டெரா நிரப்பிய பாறையில் கிடைத்ததல்ல. 1984 தொடங்கியதிலிருந்து இந்தக் காட்டுநிலத்தில் புதிதாகச் சுரங்க உரிமை கோரவும் வழியில்லை.

ஓக் ஃபிளாட்டும் இதே பாறைதான்

அண்மை ஆண்டுகளில் செய்தியில் அடிபடும் ஓக் ஃபிளாட் விவகாரத்தைப் புரிந்துகொள்ளவும் இந்தச் சாம்பல்பாறைதான் வழி. சுப்பீரியர் ஊருக்கு மேலே எழும் செங்குத்துப் பாறையின் பெயர் அப்பாச்சி லீப், சாம்பல்பாறைக்குப் பெயர் வந்ததே இதிலிருந்துதான். அதற்கு அப்பால் கிழக்கே உள்ள மேட்டுநிலம் ஓக் ஃபிளாட். கால்டெராவிலிருந்து வெளியே வழிந்த சாம்பல் போர்வை அங்கே நூற்றுக்கணக்கான மீட்டர் தடிமனில் படிந்திருக்கிறது. மேற்கு அப்பாச்சி மக்களுக்கு அது புனித இடம்.

செம்புத் தாது இருப்பது அந்தப் போர்வைக்கு வெகு ஆழத்தில், தரையிலிருந்து ஒன்றரை, இரண்டு கிலோமீட்டர் கீழே. தாது உருவாகி ஏறத்தாழ ஆறரைக் கோடி ஆண்டுகள் ஆகின்றன, சாம்பல் விழுந்ததைவிட நான்கரைக் கோடி ஆண்டுகள் முந்தியது. பின்னால் வந்த சாம்பல் அதை மூடி மறைத்துவிட்டதால் மேற்பரப்பில் தாதுவுக்கான அடையாளம் தெரியவில்லை. ரியோ டின்டோ, பிஎச்பி ஆகிய இரு நிறுவனங்களும் சேர்ந்த ரெசல்யூஷன் காப்பர் இதைத் தோண்ட முனைகிறது. நிலத்தை மாற்றித்தர 2014 டிசம்பரில் அமெரிக்க நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. அப்பாச்சி அமைப்பு ஒன்று தொடுத்த வழக்கை விசாரிக்க 2025 மே மாதம் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது.

சர்ச்சையின் மையம் தோண்டும் முறை. தாதுவின் அடியிலிருந்து வெட்டி, மேலே உள்ள பாறை தன் எடையில் நொறுங்கி விழவிட்டு எடுப்பது அது. அடியில் இடம் காலியாகக் காலியாக, மேலே உள்ள சாம்பல்பாறையும் இறங்கும். அரசின் சுற்றுச்சூழல் அறிக்கை கணித்தபடி, தரையில் ஏறத்தாழ மூன்று கிலோமீட்டர் அகலத்தில், 250 முதல் 340 மீட்டர் ஆழத்தில் ஒரு பள்ளம் விழும். விரிசல் விட்ட இந்தச் சாம்பல்பாறைதான் அப்பகுதியின் நிலத்தடி நீரையும் தாங்கி நிற்கிறது, ஊற்றுகள் பற்றிய அச்சம் அதனால் வருகிறது. அப்பாச்சி லீப் செங்குத்தை மட்டும் 2014 சட்டமே தனிப் பாதுகாப்புப் பகுதியாக ஒதுக்கியிருக்கிறது. சுரங்கம் தொடங்கினால் அந்தப் பாறைமுகம் அசைகிறதா என்று தொடர்ந்து கண்காணிக்க வேண்டியிருக்கும். ஓக் ஃபிளாட் மேட்டுநிலத்துக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது.